சோபாவில் இருந்தவன் வானத்திலும் இருந்தான்

ஆர்விட் டோலஃப்ஸ்ருட் பால் வண்டி ஓட்டியவன். வாழ்நாள் முழுக்க எங்கள் மாவட்டத்துப் பண்ணைகளுக்கு விடியுமுன் வந்து, தொட்டியில் இருக்கும் பாலைக் குழாய் போட்டு இழுத்துக்கொண்டு, வெண்ணெய் ஆலையில் கொண்டுபோய் இறக்கினான். பனி இடுப்பளவு கிடந்தாலும் வருவான். எங்கள் மாடுகளின் பாலையும் அவன்தான் எடுத்தான். நல்லவனா என்று கேட்டால், கஞ்சன். பிடிவாதக்காரன். தப்பு செய்தால் ஒத்துக்கொள்ள மாட்டான். ஆனால் ஒரு நாள்கூட எங்கள் பாலைக் கெடவிட்டதில்லை. அது போதும் எனக்கு.

போன ஜூன் மாதம் அவன் செத்துப்போனான். எப்படிச் செத்தான் என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். அப்போது நான் அங்கே நின்று பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தேன். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் விமான ஓடுபாதை வெறும் புல்தரை. அதை ஒட்டி வீடுகள், வீட்டுக்குப் பக்கத்திலேயே விமானக் கொட்டகைகள். கார் நிறுத்த இடமில்லாதவன்கூட விமானத்துக்குக் கொட்டகை கட்டி வைத்திருப்பான். என் வீட்டுக்காரர் எல்ராயும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அவர் வானத்தில் சாகவில்லை. தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டே நாற்காலியில் செத்தார். விமானத்தை விற்றுவிட்டு நான் அங்கேயே தங்கிவிட்டேன். சனிக்கிழமை காலையில் பொதுக் கொட்டகையில் பான்கேக் சுடுவது என் வேலை.

ஆர்விட் ஓய்வு பெற்றதும் தன் கையாலேயே ஒரு விமானம் கட்டினான். வாலைக் கூடத்தில் கட்டினான், இறக்கையைக் கார் கொட்டகையில் கட்டினான். லோர்னா, அவன் மனைவி, விமானம் என்றாலே பிடிக்காதவள். ஆனால் அலுமினியத் தகட்டுக்கு இந்தப் பக்கம் அவன் ரிவிட் அடிக்க, அந்தப் பக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்தவள் அவள்தான். ஒவ்வொரு ரிவிட்டுக்கும் அவள் முழங்கை அதிரும். “என் எலும்பைப் போட்டுத்தான் இதைக் கட்டியிருக்கான்,” என்பாள்.

அதே நேரத்தில், அதே வரைபடத்தை வைத்து, இரண்டு கொட்டகை தள்ளி வெண்டெல் பிரிபிலும் ஒன்று கட்டினான். வெண்டெல் டிராக்டர் பழுது பார்ப்பவன், ஆர்விட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். இரண்டும் வெள்ளை விமானம், இறக்கை கீழே இருக்கும் வகை. ஆர்விட்டுடையதில் சிவப்புக் கோடு, வெண்டெலுடையதில் நீலக் கோடு. தள்ளி நின்று பார்த்தால் எது எவனுடையது என்று பெற்றவளுக்கும் தெரியாது.

பறக்க ஆரம்பித்த முதல் கோடையிலேயே பக்கத்து ஓடுபாதையில் ஒருத்தன் காணாமல் போனான். மத்தியானம் கிளம்பினவன் திரும்பவில்லை. ஏரியில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள். இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் அறுக்கப் போன இயந்திரம்தான் அவனைக் கண்டுபிடித்தது. ரோட்டிலிருந்து கூப்பிடும் தூரம். அவன் பெண்டாட்டி தினம் அந்த ரோட்டில்தான் கார் ஓட்டிப்போயிருக்கிறாள்.

அந்தச் செய்தி வந்த அன்று லோர்னா விமானச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா பற. தெரியலைன்னா அது கொட்டகையிலேயே கெடக்கட்டும், கோழி அடைச்சுக்கறேன்.”

“இவ்வளவு வருஷம் பால் வண்டி ஓட்டினேனே, அப்ப கேட்டியா நீ?”

“பால் வண்டி சோளக்காட்டுல மேல இருந்து விழாதுய்யா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்விட்டுக்கு வரவில்லை.

அவன் விமானத்தில் ஏற்கெனவே டிரான்ஸ்பாண்டர் என்ற அடையாளக் கருவி இருந்தது. ராடார் கூப்பிட்டால்தான் அது பதில் சொல்லும். நாங்கள் பறக்கிற தாழ்வுக்கு எந்த ராடாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தானாகவே ஓயாமல் “நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இவ்வளவு உயரம்” என்று வானத்துக்குச் சொல்லிக்கொண்டே போகும் பெட்டிதான் லோர்னாவுக்கு வேண்டியது. கம்பெனியில் கட்டிய விமானத்துக்கு அதைப் பூட்டும் செலவில் ஒரு நல்ல டிரக் வாங்கலாம். சொந்தமாகக் கட்டிய விமானம் என்றால் சலுகை உண்டு. அரசாங்க முத்திரை குத்தாத மலிவுப் பெட்டியைத் தானே வாங்கித் தானே பூட்டிக்கொள்ளலாம். கஞ்சனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வால் விளக்கைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் திருகுகிற மாதிரி ஒன்று வந்திருந்தது. விளக்கும் அதுதான், கத்துகிற வாயும் அதுதான். ஆர்விட் ஒன்று வாங்கினான். சேர்ந்து வாங்கினால் தள்ளுபடி என்று வெண்டெலும் ஒன்று வாங்கினான்.

பூட்டிய அன்று நானும் அங்கே இருந்தேன். பெட்டிக்கு விவரம் சொல்வது கைபேசி வழியாக. ஆர்விட்டின் விரல் பால் குழாய் பிடித்த விரல், கைபேசியில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். வெண்டெல்தான் செய்தான். முதலில் ஆர்விட்டுடையது. பேர், எடை, வேகம், அகலம், நீளம் என்று எல்லாம் தட்டித் தட்டி ஒரு பகல் போனது. பறந்து பார்த்தார்கள். சரியாக இருக்கிறது என்று அரசாங்கத்துக் கணினியே பதில் அனுப்பியது.

பிறகு வெண்டெல் தன்னுடையதை எடுத்தான்.

“திரும்ப மொதல்ல இருந்தா?” என்றான் ஆர்விட்.

“எதுக்குடா? ஒரே விமானம், ஒரே எடை, ஒரே ஒயரு. உன்னுதை அப்படியே தூக்கி இதுல போட்டுடறேன். பேரை மட்டும் மாத்தினாப் போதும்.”

“கெட்டிக்காரன்தான்டா நீ.”

“இப்பத்தான் தெரியுதா?”

பேரை மாற்றினான். மாற்ற வேண்டியது இன்னொன்று இருந்தது, அடுத்த பக்கத்தில். ஒவ்வொரு விமானத்துக்கும் அரசாங்கம் ஒரு எண் கொடுக்கிறது. மாட்டுக் காதில் வில்லை குத்துகிறோமே, அந்த மாதிரி. அந்த எண்ணை அவன் பார்க்கவில்லை. ஆர்விட்டின் வில்லை வெண்டெல் காதிலும் ஏறிவிட்டது. இதெல்லாம் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்தபிறகு விசாரிக்க வந்தவர்கள் சொன்னது.

இன்னொன்றும் சொன்னார்கள். விமானி மடியில் ஒரு டேப்லெட் வைத்திருப்பான். பக்கத்தில் பறக்கிற விமானங்கள் எல்லாம் அதில் தெரியும். தன் விமானமே தனக்கு எதிரியாகத் தெரியக்கூடாது என்பதற்காக, தன் எண்ணோடு வருகிற எதையும் அது மறைத்துவிடும். ஆகவே ஆர்விட்டின் திரையில் வெண்டெல் வரமாட்டான். வெண்டெலின் திரையில் ஆர்விட் வரமாட்டான். உலகத்தில் இருக்கிற மற்ற விமானம் எல்லாம் தெரியும். தினம் பக்கத்தில் பறக்கிறவன் மட்டும் தெரியமாட்டான்.

லோர்னாவுக்குச் சந்தோஷம். விமானங்கள் போகிற இடத்தைக் காட்டும் ஒரு வலைத்தளத்தைக் கைபேசியில் திறந்து, ஆர்விட்டின் எண்ணைப் போட்டு, அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்வாள். குட்டி விமானப் படம் ஏரியைச் சுற்றும், அவள் உருளைக்கிழங்கு உரிப்பாள். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கைபேசியைப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள்.

“ஹில்மா, இதைப் பாருங்க.”

படம் ஏரிக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஆர்விட்டின் விமானம்.

“பறக்கறான். அதுக்கென்ன?” என்றேன்.

அவள் விரலால் கூடத்தைக் காட்டினாள். ஆர்விட் சோபாவில் படுத்து, வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வயிற்றின் மேல் பூனை.

சாமி, பேய் எதையும் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் செத்தவனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தேன். லோர்னா போய் அவன் காலைத் தட்டி எழுப்பினாள்.

“நீ எங்க இருக்கே?”

“என்ன கேள்வி இது? உன் முன்னாலதான்.”

“ஏரிக்கு மேல இருக்கேன்னு சொல்லுது இது.”

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு சிரித்தான். “சும்மா கெடைக்கிற வலைத்தளம் அப்படித்தான் இருக்கும். எவனோ வீட்டுக் கூரை மேல கம்பி நட்டு வச்சு சிக்னல் புடிக்கிறான். நேத்துப் பறந்ததை இன்னிக்குக் காட்டுது.”

“நேத்து நீ அந்தப் பக்கமே போகலையே?”

“அப்ப முந்தாநேத்து. விடேன்டி, தூங்க விடு.”

ஏரிக்கு மேல் இருந்தவன் வெண்டெல். அன்று மாலை அவனே சொன்னான், மீன் பிடிக்கிறவர்களுக்குக் கையாட்டிவிட்டு வந்தேன் என்று. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இது ஒரு கேலியாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பறந்தால் லோர்னாவின் கைபேசியில் ஒரு படம்தான் இருக்கும். அது வடக்கே ஒரு முறை, மேற்கே ஒரு முறை என்று தாவும். வரிசையில் கடைசிக் கொட்டகைக்காரர்கள் லேலண்ட், ராய்ஸ் என்று அண்ணன் தம்பி. அவர்களும் ஆளுக்கொரு விமானம் கட்டியவர்கள்தான். ராய்ஸ் பான்கேக் தட்டோடு வந்து ஆர்விட்டை இடித்தான்.

“என் திரையில நீ தவளை மாதிரி தாவற. என்னய்யா ஊத்தி ஓட்டற அதுல?”

“பால்,” என்றான் ஆர்விட்.

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டெல்தான் அதிகம் சிரித்தான்.

“கேக்கறேன்னு தப்பா நெனைக்காத,” என்றேன் நான். “தாவறது நல்லதா, கெட்டதா?”

“கிழவி, அது உங்க பான்கேக் மாதிரி. பாக்க கோணலா இருக்கும், வேலையச் செய்யும்,” என்றான் ஆர்விட்.

“என் பான்கேக்கைத் தின்னு எவனும் செத்ததில்ல,” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அதோடு இன்னொரு பழக்கமும் வந்தது. முன்பெல்லாம் ஓடுபாதைக்கு வருகிறவன் தூரத்திலிருந்தே ரேடியோவில் சொல்லிக்கொண்டு வருவான். வடக்கே இருக்கிறேன், திரும்புகிறேன், இறங்குகிறேன் என்று. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பெட்டி வந்தபிறகு ஒவ்வொருவனும் மடியைப் பார்க்க ஆரம்பித்தான். திரையில் யாரும் இல்லை என்றால் வானத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம். பேச்சு குறைந்தது. கடைசியாக இறங்கும்போது ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பான்கேக் சுடும் மேசையில் எப்போதும் ஒரு கைரேடியோ இருக்கும். அது நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே வந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அடுப்பு நெருப்பு அணைந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். காற்றே இல்லை. ஆர்விட் வடக்கே இருக்கும் ஒரு ஊரில் மலிவாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரப் போயிருந்தான். வெண்டெல் மேற்கே தன் மகளைப் பார்க்கப் போயிருந்தான். இரண்டு பேரும் சாப்பிட வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். லோர்னா என் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரப் புட்டியில் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தாள்.

“ஆரம்பிச்சுட்டான்,” என்றாள். “தாவறான்.”

வடக்கே ஒரு முறை. மேற்கே ஒரு முறை. நான் மாவை ஊற்றினேன்.

“இப்ப சின்னச் சின்னதாத் தாவறான் பாருங்க.”

பார்த்தேன். முன்பு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது, இப்போது உள்ளங்கை அகலத்துக்குள் தாவியது. பிறகு விரல் அகலம். பிறகு படம் நடுங்குகிற மாதிரி மட்டும் இருந்தது.

“நின்னுடுச்சு,” என்றாள் லோர்னா. அவள் முகம் தெளிந்தது. “சரியாயிடுச்சு ஹில்மா. இப்பத்தான் ஒழுங்காக் காட்டுது. நேரா ஓடுபாதைக்கு வந்துட்டிருக்கான்.”

அப்போது கைரேடியோ கீச்சென்று கத்தியது. பன்றிக் குட்டியைப் பிடித்தால் கத்துமே, அப்படி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அப்படித்தான் வரும். யார் பேசுகிறார்கள் என்று ஒருவருக்கும் புரியாது. பேசுகிறவர்கள் இரண்டு பேருக்கும் அவரவர் பேசியது மட்டும்தான் தெரியும்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஓடுபாதையின் கடைசியில் ஒரு வெள்ளை விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கொஞ்சம் பின்னால், இன்னொரு வெள்ளை விமானம். மேலே இருக்கிறவனுக்குத் தன் இறக்கையும் மூக்கும் கீழே இருப்பதை மறைத்துவிடும். கீழே இருக்கிறவன் புல்லைப் பார்ப்பான், முதுகுப் பக்கம் வானத்தையா பார்ப்பான்? மேலே இருந்தது வேகமாக இறங்கியது. ராய்ஸ் கையை வீசிக்கொண்டு ஓடினான். யாரோ ரேடியோவை எடுத்து, “மேல ஏறு, மேல ஏறு,” என்று கத்தினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்திருக்காது.

மேலே இருந்த விமானத்தின் சக்கரம் கீழே இருந்ததன் வாலைத் தொட்டது. சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவைக் காலால் மிதித்த மாதிரி. கீழே இருந்தது மூக்கைக் குத்திக்கொண்டு சோயா வயலில் விழுந்தது. மற்றது ஒரு கால் உடைந்து புல்லில் இழுத்துக்கொண்டு போய்ச் சுற்றி நின்றது. அதில் நீலக் கோடு இருந்தது.

லோர்னாவும் பார்த்தாள். நான் பிடிக்கப் பார்த்தேன், முடியவே இல்லை. அந்த வயதில் அப்படி ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆர்விட் உயிரோடு இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

விசாரிக்க வந்தவர்கள் இரண்டு வால் விளக்குகளையும் கழற்றி மேசையில் வைத்து, ஒவ்வொன்றும் என்ன எண்ணைச் சொல்கிறது என்று பார்த்தார்கள். பிறகு, இதை யார் பூட்டியது என்று கேட்டார்கள். “நான்தான்,” என்றான் வெண்டெல். அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் லோர்னா, “என்னை வெண்டெல்கிட்ட கூட்டிட்டுப் போங்க,” என்றாள். கூட்டிப்போனேன். கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அவன் உன்னைப் பாத்தானா?” என்று கேட்டாள்.

“இல்ல லோர்னா. நானும் பாக்கல. தட்டினப்ப தரைதான்னு நெனச்சேன். என்னடா இவ்வளவு சீக்கிரம் தரை வந்துடுச்சேன்னு நெனச்சேன்.”

“திரையில?”

“சுத்தமா இருந்துச்சு. ஒருத்தரும் இல்ல. அதான் நான் ரேடியோவுலகூட…” அழ ஆரம்பித்தான்.

லோர்னா அழவில்லை, அடிக்கவும் இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை நின்றாள். பிறகு கேட்டாள்.

“வேற யாருக்கெல்லாம் நீ இதைப் பூட்டிக் குடுத்தே?”

“லேலண்டுக்கு. அப்புறம் இந்த வரிசையில நெறையப் பேரு என் போனை வாங்கிட்டுப் போயி, அதுல இருந்ததை அவங்களே போட்டுக்கிட்டாங்க.”

“எல்லாத்தையும் பாத்தாச்சா?”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

“ஆர்விட்டோடதும் சரியாத்தான் இருந்துச்சு,” என்றாள் லோர்னா. “உன்னோடதுதான் சரியா இல்ல.”

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ், இனிப்புத் துண்டுகள், காபி. நாங்கள் பெண்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டோம். ஆண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு தட்டேந்தி வரிசையில் நின்றார்கள். ஆர்விட் நல்ல மனுஷன் என்றார்கள், பறக்கும்போதே போனான் என்றார்கள், அப்படிப் போகக் கொடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு வாய் வரை வந்தது. லோர்னா முந்திக்கொண்டாள். வரிசைக்கு முன்னால் வந்து நின்று ஹாட்டிஷ் பாத்திரத்தை மூடினாள்.

“தட்டைக் கீழ வைங்க.”

ஒருத்தரும் அசையவில்லை.

“விமானம் வச்சிருக்கறவன் எல்லாம் இப்பப் போயி உங்க பெட்டியில என்ன எண் இருக்குன்னு பாத்துட்டு வாங்க. பேரைப் பாக்காதீங்க, எண்ணைப் பாருங்க. பாத்துட்டு வந்தவனுக்குத்தான் சோறு.”

“இன்னிக்கேவா லோர்னா?” என்றான் லேலண்ட் மெதுவாக. “அடக்கம் பண்ணிட்டு இப்பத்தான் வந்திருக்கோம்.”

“இன்னொரு தடவை வரணுமா?”

போனார்கள். கருப்புக் கோட்டும் பளபளக்கிற ஷூவுமாகக் கார்களில் ஏறிப் போனார்கள். கீழ்த்தளத்தில் பெண்கள் மட்டும் இருந்தோம். காபி ஆறியது, மறுபடி சுட வைத்தேன். பிறகு ஒவ்வொருவனாகத் திரும்பி வந்தான். வந்தவன் லோர்னாவைப் பார்த்துத் தலையாட்டுவான், சரியாக இருக்கிறது என்று. அவள் தட்டை எடுத்துக் கொடுப்பாள்.

ராய்ஸும் லேலண்டும் சேர்ந்து வந்தார்கள். ராய்ஸ் தலையாட்டவில்லை. தட்டையும் வாங்கவில்லை. சுவரோரம் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அண்ணனைப் பார்த்துக் கேட்டான்.

“ஆர்விட் சாகறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஏரிக்கு மேல நாம எவ்வளவு பக்கத்துல போனோம்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை லேலண்ட் தன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அவள் என் பக்கத்தில் நின்று கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

லோர்னா இரண்டு பேரையும் பார்த்தாள். பாத்திரத்தின் மேல் கையை வைத்தபடியே கதவுப் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் யாரு வரணும்?” என்று கேட்டாள்.